ஓசை எழுப்பிய பிரேக்கும் ஓசையற்ற பிரேக்கும்



நெல்லைச் சீமையில் மேலப்பாளையம், பேட்டை, பத்தமடை, கடையநல்லூர் என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வளைகுடாவிலோ சென்னையிலோ சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய இளைஞர்களின் வீட்டு வாசலில் இன்று ஒரு கார் நிற்கிறது. முன்பெல்லாம் அது குடும்பம் முழுவதும் ஏறிக்கொள்ளும் பெரிய வண்டியாக இருக்கும். இப்போது உருவத்தில் சிறியதும் விசையில் மிகுந்ததுமான டர்போ கார்களை அவர்கள் தேடி வாங்குகின்றனர். வாங்கியபின் அவற்றை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசை எழுவதும் இயல்பே. பந்தயத் தடத்தில் ஒரு நாள் முழுவதும் ஓடிய கார், மறுநாள் அதே வீட்டின் முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கும் நிக்காஹ் மண்டபத்துக்கும் செல்கிறது. இவ்விரு பயன்பாடுகளுக்கும் நடுவே நின்று அடி வாங்குவது பிரேக். அதைப் பற்றி நமது குடும்பம் அண்மையில் கற்றுக்கொண்டவை பிறருக்கும் பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

நமது தங்கையின் மகன் கங்கைகொண்டான் சிப்காட்டில் பணிபுரிகிறான். அவன் வாங்கியது ஐந்தாண்டு ஓடிய சிறிய டர்போ கார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில், கட்டணம் செலுத்திச் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள் ஒன்று நடக்கவிருப்பதாக அறிந்து, அவன் பெயர் கொடுத்துவிட்டான். செய்தி வீட்டில் தெரிந்தபோது மச்சான் இதனை வீண் விரயம் என்றார். தங்கையோ நம்மைத் தனியே அழைத்து, "காக்கா, அவன் போறதுன்னு முடிவு பண்ணிட்டான். நீங்க கூடப் போனா எனக்கு நிம்மதி" என்றாள். ஆகவே நாமும் உடன் சென்றோம். நெல்லையிலிருந்து செட்டிப்பாளையம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர்.

தடத்தில் ஓட்டுவது நம் மாநிலத்துக்குப் புதிய பழக்கமன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் சென்னை வாசிகள் பல்லாண்டுகள் கார்ப் பந்தயம் நடத்தினர். 1990 இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே தனித் தடம் அமைந்தது. செட்டிப்பாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் தடம் 2003 இல் திறக்கப்பட்டது. அது கரிவர்தன் என்னும் கோவைப் பொறியாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு எளிய விலையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியவர் அவர். 1995 இல் சிறு வானூர்தி விபத்தில் மறைந்தார். 2005 இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவையைச் சேர்ந்தவரே.

பொதுச் சாலையில் வேகப் போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 1988 இன் 189 ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். புறவழிச் சாலையில் நள்ளிரவில் பாய்ந்து, வழிப்போக்கர் ஒருவரின் உயிருக்கு உலை வைப்பதைவிட, மருத்துவ ஊர்தியும் தீயணைப்பு ஏற்பாடும் உள்ள தடத்தில், தலைக்கவசம் அணிந்து, ஒரே திசையில் ஓட்டுவது எவ்வளவோ மேலானது. மச்சானிடம் நாம் எடுத்துரைத்த முதல் நியாயம் இதுவே.

இரண்டாவது நியாயத்தை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரீயில் பதிவாகியுள்ள செய்தியிலிருந்து எடுத்தோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். மெலிய வைத்துப் பயிற்சி அளிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் தொலைவு. பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரே மைல். இப்னு உமர் அவர்களும் அப்பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் ஒருவர். இச்செய்தியில் நமது கவனத்தைக் கவர்ந்தது தொலைவுகளின் வேறுபாடே. ஓடும் ஆசை எல்லாக் குதிரைகளுக்கும் இருந்திருக்கலாம். ஆனால் உடல் பழகிய குதிரைக்கு ஓர் அளவும் பழகாத குதிரைக்கு வேறோர் அளவும் வகுக்கப்பட்டன. வீட்டுக் காரைத் தடத்துக்குக் கொண்டுபோகும் இளைஞன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியதும் இதுதான்: என் வாகனம் எத்தனை மைலுக்குப் பழகியது?

கார்க் கம்பெனி பொருத்தி அனுப்பும் பிரேக் ஊருக்குள் ஓடுவதற்கும் நெடுஞ்சாலையில் எப்போதாவது ஒருமுறை அழுத்தி நிறுத்துவதற்கும் கணக்கிடப்பட்டது. அதன் வேலை, ஓட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவது. வேகம் இரு மடங்கானால் அந்த ஆற்றல் நான்கு மடங்காகும். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 120 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறையும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 500 கிலோஜூல். காற்றின் எதிர்ப்பும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளும் சிறு பங்கு போக மீதி முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. அந்த 500 கிலோஜூலைக் கொண்டு 1.7 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அடுப்பில் பல நிமிடம் பிடிக்கும் வேலையை நான்கைந்து நொடிகளில், நான்கு இரும்புத் தட்டுகள் செய்கின்றன. அதிலும் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. ஏனெனில் வேகம் குறையும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. தடத்தில் இது ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை நிகழ்கிறது. ஆறுவதற்கு இடைவெளியே இல்லை.

சிறிய டர்போ கார்களில் இன்னொரு சுமையும் உண்டு. வளைவில் உட்பக்கச் சக்கரம் வழுக்கத் தொடங்கினால், கணினி தானாகவே அந்தச் சக்கரத்தின் பிரேக்கைப் பிடித்து, விசையை மறுபக்கத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அவற்றுள் பலவற்றில் இருக்கிறது. ஓட்டுநரின் கால் பெடலில் இல்லாத நேரத்திலும் பேடு தேய்ந்துகொண்டிருக்கும். 'நான் அவ்வளவாகப் பிரேக் பிடிக்கவில்லையே' என்று இளைஞர்கள் வியப்பதன் காரணம் இதுவே.

மருமகன் முன்யோசனையோடுதான் வந்திருந்தான். போட்டிக்கென்று தயாரிக்கப்படும் பேடுகளை முன்சக்கரங்களில் பொருத்தியிருந்தான். நான்கு சுற்று ஓட்டி, ஐந்தாம் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் மெல்ல வந்து, கொட்டகையில் நிறுத்தினான். நிறுத்தியதும் வழக்கம்போல ஹேண்ட் பிரேக்கை இழுக்கப் போனவனை, அங்கிருந்த முதிய மெக்கானிக் ஒருவர் கைகாட்டித் தடுத்தார். கொதிக்கும் தட்டின்மேல் பேடு அழுந்தியபடி நின்றால், அந்த இடத்தில் மட்டும் பேட்டின் பொருள் ஒட்டிப் படிந்துவிடும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெடலும் ஸ்டீயரிங்கும் அதிரும் என்று அவர் விளக்கினார். தட்டு வளைந்துவிட்டது என்று பலரும் எண்ணி மாற்றும் தட்டுகளில் பெரும்பாலானவை உண்மையில் வளைந்திருப்பதில்லை. இத்தகைய சீரற்ற படிவே காரணம் என்றும் சொன்னார். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னார். மாலைக்குள் முன்பேடுகள் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தன. ஊருக்குள் ஓட்டியிருந்தால் பல மாதங்களில் தேய வேண்டியது அது. சக்கரங்களின் மேல் கறுப்புத் தூள் படிந்திருந்தது. அதைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்குமாறு அப்பெரியவர் கூறியதும் நினைவில் வைக்கத்தக்கது. நுரையீரலுக்குள் போகக்கூடிய நுண்துகள் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் ஏற்றுக்கொண்ட யூரோ 7 விதிகளில், புகைக்கு வரம்பு இருப்பதுபோல் பிரேக் துகளுக்கும் முதன்முறையாக வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது.

ஊர் திரும்பியபின் தொடங்கியது ஓசை. போட்டிப் பேடுகள் உயர் வெப்பத்தில் பிடிப்பதற்கென்றே உலோகம் மிகுத்துச் செய்யப்படுபவை. குளிர்ந்த நிலையில், மெதுவான வேகத்தில், அவை தட்டின்மேல் வழுவழுப்பாகச் செல்லாமல் பிடித்தும் விட்டும் அதிர்கின்றன. அந்த அதிர்வு தட்டின் வழியே பெருகி, விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை துடிக்கும் கீச்சொலியாக வெளிவருகிறது. மருமகனுக்கு அதிகாலைப் பணி. ஐந்து மணிக்கு வண்டியை எடுத்து, நமது குறுகிய தெருவின் இரு முனைகளிலும் பிரேக் பிடிப்பான். இரண்டாம் வாரம் எதிர்வீட்டுப் பெரியவர் பள்ளிவாசல் வாசலில் அவனைச் சந்தித்து, "வாப்பா, பாங்குக்கு முன்னால ஒன் வண்டிதான் எங்கள எழுப்புது" என்று சிரித்தபடியே சொன்னார். சிரிப்பு இருந்தாலும் அது புகார்தான். அவர் வீட்டில் பிறந்து நாற்பது நாள் ஆகாத பிள்ளை இருந்தது.

நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்ற வரம்பைக் குறிப்பிடுகின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தி நம் மார்க்கம் கூறியிருப்பவற்றை அறிந்த நமக்கு, பிறந்த பிள்ளையின் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பணிக்குச் செல்ல எந்த நியாயமும் இல்லை. மருமகனும் வாதம் செய்யவில்லை. வழக்கமான பேடுகளைத் திரும்பப் பொருத்தவும், தடத்தில் கொதித்த பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றவும் நகரில் உள்ள ஒரு பட்டறையில் வண்டியை விட்டான். பெருநாளைக்கு நான்கு நாள் முன்பு அது. மாலையில் வண்டி வந்தது, பில்லும் வந்தது. பேடு மாற்றியதற்கு ஒரு வரி, பிரேக் ஆயில் மாற்றியதற்கு ஒரு வரி. தெருவில் ஓசை நின்றது. எதிர்வீட்டுப் பெரியவர் துஆச் செய்தார். எல்லோருக்கும் நிம்மதி.

பிரேக் ஆயிலைப் பற்றி இங்கே சிறிது கூற வேண்டும். பெடலை மிதிக்கும் காலுக்கும் சக்கரத்தைப் பிடிக்கும் பேடுக்கும் நடுவே நிற்பது ஒரு குழாய் நிறைய உள்ள இந்தத் திரவமே. திரவத்தை அமுக்க முடியாது என்பதால்தான் காலின் அழுத்தம் குறையாமல் சக்கரத்தைச் சேர்கிறது. ஆனால் இத்திரவத்துக்குக் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்பு உண்டு. டாட் 4 எனப்படும் வகை புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்த நிலைக்கு அதே விதி குறிப்பிடும் அளவு 155 டிகிரி மட்டுமே. கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும். காலை எவ்வளவு மிதித்தாலும் அந்த அழுத்தமெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே செலவாகி, சக்கரத்துக்கு ஒன்றும் எட்டாது. எனவேதான் ஊருக்குள் ஓடும் வண்டிக்கே ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். தடத்தில் ஓடிய வண்டிக்கு உடனே மாற்ற வேண்டும்.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், தங்கை குடும்பத்தோடு நாமும் காரையாறு அணைக்குப் புறப்பட்டோம். காரில் ஐந்து பேர். பாபநாசம் சோதனைச் சாவடியைக் கடந்தால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கிருந்து மலைப்பாதை. பயண துஆ ஓதியே கிளம்பியிருந்தோம். இவ்வாகனத்தை நாமாக வசப்படுத்தும் ஆற்றல் பெற்றிருக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் துஆ அது. ஏறும்போது ஒரு குறையும் தெரியவில்லை. பெடல் சற்றே ஆழமாகப் போவதாக மருமகன் சொன்னான். பேடு புதிது, பழகினால் சரியாகிவிடும் என்று பட்டறையில் கூறியிருந்தார்கள்.

இறக்கத்தைப் பற்றி நாம் குறைத்து எண்ணுவது வழக்கம். ஐந்து பேரோடு 1,500 கிலோ வரும் கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால், வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 1,470 கிலோஜூல். மேலே சொன்ன தடத்துப் பிரேக் மூன்றுக்கு அது சமம். வேகமாகப் போகவில்லை என்பதால் சக்கரத்தில் படும் காற்றும் குறைவு. தட்டு ஆறுவதும் மெல்லவே. மாலை இறங்கும்போது முன்னே ஒரு சுற்றுலா வேன் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் பிரேக்கில் கால் வைத்தபடியே வர வேண்டியதாயிற்று. நான்காவது வளைவுக்கு முன் மருமகனின் முகம் மாறியதைப் பக்கத்து இருக்கையிலிருந்து கண்டோம். பெடல் அடிவரை போய்விட்டது. ஒரு சத்தம் இல்லை. கீச்சொலி இல்லை, உரசல் இல்லை. வண்டி மட்டும் வேனை நெருங்கிக்கொண்டிருந்தது.

அல்லாஹ்வின் அருளால் அவன் பதறவில்லை. கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கும், பிறகு ஒன்றுக்கும் இறக்கினான். எஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்தது. பெடலை அடுத்தடுத்து மிதித்தான். மூன்றாவது நான்காவது மிதியில் சிறிது பிடி கிடைத்தது. ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுத்து, மலைச்சுவர் ஓரத்தில் வண்டியை நிறுத்தினான். வேனுக்கும் நமக்கும் இடையே ஒரு காரின் நீளம்கூட இல்லை. பின்னிருக்கையில் தங்கை வாய் திறக்கவில்லை. மடியில் இருந்த பேத்தியை மட்டும் இறுக அணைத்திருந்தாள். தடத்தில் அவன் பணம் கொடுத்துக் கற்றவற்றுள் பதறாமல் கியரை இறக்குவதும் ஒன்று என்பதை நியாயத்தின் பொருட்டு இங்கே பதிவு செய்கிறோம்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டபின் பெடல் ஓரளவு திரும்பியது. முதல் கியரில் பாபநாசம் வரை வந்து, அங்கிருந்து வண்டியைத் தூக்கு வாகனத்தில் அனுப்பிவிட்டு, நாங்கள் பேருந்தில் ஊர் வந்தோம். மறுநாள் பட்டறையில் மச்சான் குரல் உயர்த்தும் முன்பே மருமகன் ஒன்று மட்டும் கேட்டான்: "அண்ணே, முன்சக்கரத்து நிப்பிளைத் திறந்து காட்டுங்க." திறந்தார்கள். மேலே குப்பியில் தேன் நிறத்தில் தெளிவாக இருந்த ஆயில், கீழே காலிப்பரிலிருந்து கருப்பட்டிக் காப்பி நிறத்தில், குமிழியோடு வந்தது. வேலை பார்த்த பையன் தலைகுனிந்தான். பெருநாள் கூட்டத்தில் நேரம் இல்லாமல், குப்பியில் இருந்ததை மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதியதை மேலே ஊற்றியதாக ஒப்புக்கொண்டான். பில்லில் முழு வேலைக்கும் பணம் வாங்கப்பட்டிருந்தது.

அளவிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் 83 ஆவது அத்தியாயமாக முதஃப்பிஃபீன் அமைந்துள்ளது. அரிசிக் கடையின் தராசை மட்டுமே நாம் அதனோடு சேர்த்து நினைக்கிறோம். குழாய்க்குள் ஊற்றாத அரை லிட்டர் ஆயிலும் குறைந்த அளவுதான். அரிசி குறைந்தால் ஒரு வேளைச் சோறு குறையும். இது குறைந்ததற்கு, மலைப்பாதையில் ஐந்து உயிர்கள் விலையாகியிருக்கும். பட்டறை உரிமையாளர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நம் கண்முன்னே நான்கு சக்கரங்களிலும் பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றினார். பையனை அன்றே வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகவும் சொன்னார். மச்சான்தான் தடுத்தார். "அவன நிறுத்தினா இதையே இன்னொரு பட்டறையில செய்வான். இனிமே ஆயில் மாத்தினா, கீழ வர்றத வண்டிக்காரர்கிட்ட காட்டிட்டுப் பில் போடச் சொல்லுங்க" என்றார். கோபத்தோடு போன மனிதர் இப்படிப் பேசியதை நாமே எதிர்பார்க்கவில்லை.

காரை விற்றுவிடலாமா என்ற பேச்சு ஒரு வாரம் வீட்டில் ஓடியது. மருமகன் தன் உம்மாவின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாகச் சொன்னான். தங்கை கடைசியில் விதித்த நிபந்தனைகள் இரண்டு. ஆண்டுக்கு இருமுறைக்கு மேல் தடம் இல்லை. தடத்துக்குப் போய் வந்த வண்டியில், பேடும் ஆயிலும் மாற்றி, அதை அவனே கண்ணால் பார்த்து, தனியாக ஒருநாள் ஓட்டிச் சோதிக்கும் வரை வீட்டார் எவரும் ஏறமாட்டார்கள். அவன் ஏற்றுக்கொண்டான். இப்போது போட்டிப் பேடுகளைத் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறான். செட்டிப்பாளையத்திலேயே மாட்டி, அங்கேயே கழற்றிவிட்டு வருகிறான்.

இவ்வனுபவத்துக்குப் பின் ஓசையைப் பற்றிய நமது எண்ணமும் தெளிவடைந்தது. மேலப்பாளையம் தறி நெசவுக்குப் பேர்போன ஊர். தறியின் ஓசை மாறினாலே எந்தக் கட்டை தேய்ந்தது என்று நம் வீட்டு மூத்தவர்கள் சொல்லிவிடுவார்கள். அப்படிக் கேட்கும் காது காருக்கும் தேவை. மழை பெய்த மறுநாள் காலை தட்டில் மெல்லிய உரசல் கேட்டு, இரண்டு மூன்று பிரேக்கில் மறைந்தால், அது தட்டின்மேல் படிந்த துரு, கவலை வேண்டாம். பிரேக் பிடிக்காதபோதும் சக்கரத்தோடு சேர்ந்து மெல்லிய கீச்சொலி தொடர்ந்தால், பேடு தேய்ந்து எச்சரிக்கைத் தகடு தட்டைத் தொடுகிறது என்று பொருள் கொள்ளலாம். மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த பேட்டைத் தள்ளிப்போடாமல் மாற்றவேண்டும். கரகரவென்று இரும்பு அறுக்கும் ஒலி வந்தால் பேடு முடிந்துவிட்டது. வண்டியை அங்கேயே நிறுத்துவது நலம். மெதுவாகப் பிடிக்கும்போது மட்டும் வரும் கூர்மையான கீச்சொலி, பேட்டின் வகையாலோ, மேற்பரப்பு கண்ணாடிபோல் ஆகிவிட்டதாலோ, காலிப்பர் ஊசிகளில் கிரீஸ் வற்றியதாலோ இருக்கலாம். அது பெரும்பாலும் தொல்லையே தவிர உடனடி ஆபத்தன்று.

ஆபத்தான குறைகளில் சில ஓசையே எழுப்புவதில்லை. தெருவையே எழுப்பிய அந்தப் பிரேக் ஒருநாளும் நம்மைக் கைவிடவில்லை. எல்லோரும் மகிழும்படி அமைதியாகிவிட்ட பிரேக்தான் மலையில் கைவிட்டது. ஆகையால் காதை மட்டும் நம்பியிருக்கலாகாது. காலும் கண்ணும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ பஞ்சுபோல் மெத்தென்று இருந்தாலோ, யார் என்ன சமாதானம் சொன்னாலும் மலையேற வேண்டாம். இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தியபடி வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துப் பின் முழுவதும் விடுங்கள். பட்டறையில் ஆயில் மாற்றினால் கீழே வருவதைப் பாருங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்தபின் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுரை கூறியதாகத் திர்மிதீயில் வரும் செய்தியை நாம் அனைவரும் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். பட்டறையில் கட்டிவிட்டார்கள் என்று பில் சொல்லலாம். கயிறு உண்மையிலேயே முடிச்சிடப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்ப்பதும் கட்டுவதில் சேர்ந்ததே. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தடத்துக்குப் போக விரும்பினால் அவர்களை அடித்துத் துரத்தாதீர்கள். உடன் சென்று, அவர்கள் வாகனம் எத்தனை மைலுக்குப் பழகியது என்று கேளுங்கள். பயணங்கள் அனைத்திலும் நம்மையும் நம் அண்டை வீட்டாரையும் சாலையில் நடப்போரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.